புன்செய் என்ற சொல்லுக்குள் மறைந்த நிலம்: கொங்கு நாட்டு நில அளவை வரைபடங்களின் எண்மமாக்கமும் பழைய நிலப்பயன்பாட்டு ஆய்வும்

முன்னுரை

தமிழக ஊரக வரலாற்றாய்வில் கல்வெட்டும் செப்பேடும் பெற்ற இடத்தை நில அளவை வரைபடம் இன்னும் பெறவில்லை. கல்வெட்டுகளில் காணும் ஊர்ப்பெயர்களையும் நாட்டுப் பெயர்களையும் நிலப்படத்தில் பொருத்திக் காட்டும் முறைக்கு எ. சுப்பராயலுவின் சோழநாட்டு அரசியல் புவியியல் குறித்த ஆய்வு (1973) வழிவகுத்தது. செங்கல்பட்டு ஜாகீரில் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை நடத்திய அளவையின் ஊர்க்கணக்குகளைப் புவித்தகவல் முறைமையில் ஏற்றி ஆராய்ந்தவர் சப்பானிய வரலாற்றறிஞர் சுகாசா மிசுஷிமா. கொங்கு நாட்டைப் பொறுத்தவரை எஃப். ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு (1887) தொடங்கிக் கிறிஸ்டோபர் பேக்கரின் தமிழ்நாட்டு ஊரகப் பொருளாதார வரலாறு வரை எழுத்துச் சான்றுகள் பெரிதும் பயன்பட்டுள்ளன. ஆனால் ஊர்தோறும் புலம்புலமாக அளந்து வரையப்பட்ட படங்கள் எல்லைத் தகராறு தீர்க்கும் கருவியாகவே எஞ்சியுள்ளன.

இன்று இப்படங்களை நுண்ணிய தெளிவுடன் படியெடுத்துக் கணினியில் ஏற்றுவது எளிதாகிவிட்டது. புலங்களைப் பலகோணங்களாக வரைந்து, நிலவரிப் பதிவேட்டின் விவரங்களை அவற்றோடு இணைத்து, வகைக்கொரு வண்ணம் தீட்டினால் நூறாண்டுக்கு முந்தைய நிலப்பயன்பாட்டுப் படம் கிடைத்துவிட்டதாகத் தோன்றும். அத்தோற்றம் கொங்கு நாட்டில் பெரும்பிழைக்கு இட்டுச்செல்லும். பதிவேடு காட்டுவது அரசு எந்நிலத்திற்கு எவ்வாறு வரி விதித்தது என்பதை மட்டுமே. உழவன் அந்நிலத்தில் என்ன செய்தான் என்பது வேறு செய்தி. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவு தஞ்சை வயல்வெளியில் குறைவு. கொங்கின் தோட்டத்திலும் காட்டிலும் அது மிக அதிகம்.

அளவையும் தீர்வையும்

பாராமகாலிலும் சேலத்திலும் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர்களான தாமஸ் மன்றோ முதலியோரும் 1792க்குப்பின் மேற்கொண்ட புல அளவையே இப்பகுதியின் இரயத்துவாரி முறைக்கு அடிப்படை. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ப் பகுதியும் இம்முறைக்குள் வந்தது. அக்காலப் பைமாஷ் கணக்குகள் புலத்தின் பரப்பையும் தீர்வையையும் சொல்லின. அவற்றோடு படம் இல்லை. முறையான புல வரைபடங்கள் தோன்றியது சென்னை மாகாணத்தில் 1858க்குப்பின் அளவை, நிலவரித் திட்டத் துறை அமைந்த பிறகே. இதனால் மூன்று வகை ஆவணங்கள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாயின. ஒரு மைலுக்குப் பதினாறு அங்குலம் என்ற அளவில் அமைந்த கிராம வரைபடம் முதலாவது. ஒவ்வொரு புலத்தின் கோடுகளையும் சங்கிலி, கண்ணி அளவில் காட்டும் புலப்பட நூல் இரண்டாவது. புல எண், பழைய எண், நன்செய் அல்லது புன்செய் என்ற வகை, பாசன ஆதாரம், மண் வகை, தரம், பரப்பு, தீர்வை, பட்டாதாரர் பெயர் ஆகியவற்றைக் கொண்ட நிலவரித் திட்டப் பதிவேடு மூன்றாவது. இன்றைய ‘அ’ பதிவேடு இதன் வழித்தோன்றல்.

இப்பதிவேட்டில் இல்லாதவற்றையும் நோக்க வேண்டும். இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான பதின்மவரி வரைபடங்களோடு இணைந்த பட்டியல்களில் ஒவ்வொரு நிலத்தின் வழக்குப் பெயருக்கும் சாகுபடி நிலைக்கும் தனிப் பத்திகள் இருந்தன. உழுநிலம், புல்வெளி, தோப்பு என்ற வேறுபாட்டை ஆய்வாளர் அங்கு நேராகவே எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரியப் பேரரசில் 1817இல் தொடங்கிய நிலவரி அளவையின் படங்களில் நிலப்பயன்பாடே வண்ணமாகத் தீட்டப்பட்டது. ஐரோப்பிய நிலப்பயன்பாட்டு வரலாற்றாய்வின் முறைகள் பலவும் இத்தகைய ஆவணங்களை முன்வைத்து வளர்ந்தவை. சென்னை மாகாணப் பதிவேட்டில் புலத்தின் பெயருக்கும் இடமில்லை, பயிருக்கும் இடமில்லை. அம்முறைகளை இங்கு அப்படியே எடுத்தாள இயலாமைக்கு இதுவே காரணம்.

கொங்கு வழக்கில் நிலம் மூன்று: வயல், தோட்டம், காடு. ஆற்றுக்கால், குளத்துப் பாசனத்தில் நெல் விளைவது வயல். கிணற்று நீரில் விளைவது தோட்டம். மழையை நம்பியது காடு. மரங்கள் அடர்ந்த வனத்தை இச்சொல் இங்குக் குறிப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்ககால வருவாய்க் கணக்கும் நன்செய், தோட்டக்கால் அல்லது பாகாயத்து, புன்செய் என மூவகையே கொண்டிருந்தது. தோட்டக்காலுக்குத் தனித் தீர்வையும் இருந்தது. உழவர் தம் சொந்தச் செலவில் வெட்டிய கிணற்றுக்காகக் கூடுதல் வரி கூடாது என்ற கொள்கை அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் வலுப்பெற்றது. புதிய நிலவரித் திட்டத்தில் தனியார் கிணற்றுப் பாசன நிலம் புன்செயோடு சேர்க்கப்பட்டது. உழவருக்கு இது நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் தோட்டம் என்ற வகையே பதிவேட்டிலிருந்து நீங்கிற்று. மூன்று இரண்டாயிற்று. கொங்கு வேளாண்மையின் உயிர்நிலையாக விளங்கிய நிலம், எதுவும் விளையாத கரட்டு நிலத்தோடு ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டது.

கிணறு காட்டும் தோட்டம்

பதிவேடு மறைத்ததை வரைபடம் ஓரளவு காப்பாற்றியுள்ளது. அளவையாளர் தாம் கண்ட கிணறுகளைப் புலப்படத்திலும் கிராம வரைபடத்திலும் குறியிட்டனர். தீர்வைக்குத் தேவையில்லாத கிணறு, இடத்தை அடையாளம் காண உதவும் பொருள் என்ற முறையில் படத்தில் தங்கிற்று. ஆகவே எண்மமாக்கத்தில் புல எல்லைகளை மட்டும் வரைந்து நிறுத்துவது முதன்மையான சான்றைக் கைவிடுவதாகும். கிணறுகள் தனி அடுக்காக, புள்ளிகளாக, ஒவ்வொன்றும் தான் அமைந்த புல எண்ணோடு பதியப்பட வேண்டும். புன்செய் என்று பதிவான புலத்தில் கிணற்றுக்குறி இருக்குமாயின் அது தோட்டமாக இருந்திருக்கலாம் என்ற கருதுகோள் எழுகிறது. அக்குறியைச் சுற்றிப் புலங்கள் சிறுத்தும் உட்பிரிவுகள் மிகுந்தும் காணப்பட்டால் கருதுகோள் வலுப்பெறும். பாழ்பட்ட கிணறும் பயன்பாட்டிலுள்ள கிணறும் ஒரே குறியைப் பெற்றிருக்க வாய்ப்புண்டு என்பதால் இது முடிவான சான்று ஆகாது.

கொங்கின் கிணறுகள் பெரும்பாலும் பாறையைக் குடைந்து ஆழமாக வெட்டப்பட்டவை. கவலை பூட்டி எருதுகள் நீரிறைத்த அக்கிணறுகளின் பாய்ச்சற் பரப்பு குறுகியது; எருதின் உழைப்பும் ஊற்றின் வேகமும் அதற்கு வரம்பு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் கோவைச் சுற்றுவட்டத்தில் மின்சாரம் ஆலைகளுக்கும், பின்னர் படிப்படியாகக் கிணறுகளுக்கும் சென்றது. அதன்பிறகு ஒரு கிணறு பாய்ச்சிய பரப்பும் பழைய கிணறு பாய்ச்சிய பரப்பும் ஒன்றல்ல. வரைபடத்தில் இரண்டிற்கும் குறி ஒன்றே. கிணற்றைச் சுற்றி ஒரே ஆரத்தில் வட்டமிட்டுப் பாசனப் பரப்பைக் கணக்கிடும் எளிய முறை காலத்தை அழித்துவிடும்.

காலம் பற்றிய மற்றொரு எச்சரிக்கையும் தேவை. ஒரு படத்தாளில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறுபடலாம். பின்வந்த திருத்தங்களும் அதே தாளில் ஏறியிருக்கலாம். ஒவ்வொரு குறிக்கும் அது எந்த அளவையைச் சார்ந்தது என்ற குறிப்பு இல்லையாயின் அரை நூற்றாண்டு இடைவெளியில் வெட்டிய கிணறுகள் ஒரே நாளில் தோன்றியவைபோல் திரையில் நிற்கும்.

கொறங்காடு: இல்லாத வீழ்ச்சி

காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களின் சரளை நிலத்தில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் முறை உண்டு. முள்கிளுவையால் உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு, காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் முறைவைத்து மேய்க்கும் நிலம் அது. ஊர்ப் பொதுவான மந்தைவெளி அன்று. பட்டா பெற்ற தனியார் நிலம். வேலி கட்டுவதும், அதன் இடைவெளிகளைப் புதுக்குவதும், புல் தேய்ந்தால் உழுது விதைப்பதும் உழவரின் பணி. மழை குறைந்த மேட்டுநிலத்தில் பயிரினும் புல்லே நம்பத்தக்க விளைச்சல் என்ற நெடுநாள் அறிவு அதற்குள் இருக்கிறது.

பதிவேட்டில் இந்நிலத்தின் பெயர் புன்செய். மேய்ச்சல் என்ற சொல் அங்குப் புறம்போக்கு நிலத்திற்கு உரியது. பட்டா நிலத்தில் புல் வளர்ப்பதற்கெனத் தனி வகை இல்லை. இப்பதிவேட்டைக் கொண்டு வண்ணம் தீட்டும் எண்மப் படத்தில் கொறங்காடு மானாவாரிச் சாகுபடி நிலமாகவே தோன்றும். இனி இதே இடத்தின் இன்றைய செயற்கைக்கோள் படத்தை எடுத்துக்கொள்வோர், முள்மரமும் புல்லும் கலந்த பரப்பைப் புதர்நிலம் என்ற வகையில் சேர்ப்பர். இந்தியத் தரிசுநில வரைபட ஏடுகளில் புதர்நிலம் தரிசின் ஓர் உட்பிரிவு. இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் கிடைக்கும் முடிவு: நூறாண்டுக்குமுன் உழுதுண்ட நிலம் இன்று தரிசாகிவிட்டது. உண்மையில் அந்நிலத்தில் யாதொரு மாற்றமும் நிகழாமல் இருந்திருக்கலாம். அன்றும் புல், இன்றும் புல். இரு வேறு அலுவலகங்களின் வகைப்பாட்டுச் சொற்கள் மோதி, நடவாத ஒரு வீழ்ச்சியை வரலாறாக்கிவிடுகின்றன. தரிசு என்று பெயர் பெற்ற நிலம் பிற பயன்பாட்டிற்கு மாற்றத்தக்கது என்று எளிதில் கருதப்படுவதால் இப்பிழை ஆய்வேட்டோடு நிற்பதில்லை.

தரிசு என்ற சொல்லும் பழைய கணக்கில் இன்றைய பொருளில் வரவில்லை. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என அது இரண்டு. முன்னது சாகுபடிக்கு ஏற்றது எனத் தரம் குறிக்கப்பட்டும் பட்டாதாரர் இல்லாத அரசு நிலம். மண்ணின் வளத்தைப் பற்றிய கூற்று அதில் மிகக் குறைவு. உரிமை பற்றிய கூற்றே மிகுதி. புறம்போக்கும் அவ்வாறே.

கொறங்காட்டை வரைபடத்தில் அடையாளம் காண நேர்வழி இல்லை. மறைமுகச் சான்றுகள் உள. கிணற்றுக்குறி இல்லாத, உட்பிரிவு குறைந்த, தரத்தில் தாழ்ந்த பெரும்புலங்கள் முதல் அறிகுறி. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த கரோனா ஒளிப்படங்கள் 1995இல் பொதுப் பயன்பாட்டிற்கு விடுவிக்கப்பட்டன. அவற்றுள் தெளிவு மிக்கவற்றில் உயிர்வேலிகளின் கோடுகளைத் தேட இயலும். ஊரில் முதியோரின் சொல் மூன்றாவது சான்று. மூன்றும் ஒன்றுபடும் இடத்தில் மட்டுமே கொறங்காடு எனக் குறிப்பது தகும்.

இட்டேரியின் நிலையும் இதனோடு ஒத்தது. இருபுறமும் வேலி அடர்ந்த, காடுகளுக்கிடையே செல்லும் வண்டித்தடத்தைக் கொங்கு வழக்கு இட்டேரி என்கிறது. கிளுவை, கள்ளி, பிரண்டை, கோவை, வேலிப்பருத்தி முதலியவை படர்ந்த அவ்வேலிகள் மருந்துச் செடிகளுக்கும் சிற்றுயிர்களுக்கும் இருப்பிடம். பதிவேட்டில் அது வண்டிப்பாதை என்ற ஒற்றைச் சொல். பட்டா நிலத்தின் வழியே செல்லும் தடமாயின் அச்சொல்லும் இல்லாமற்போகலாம். புலப்படம் அகலத்தைக் கண்ணியளவில் காட்டும் இடங்களில் மட்டும் பழைய இட்டேரியின் அகலத்தை இன்றைய பாதையின் அகலத்தோடு ஒப்பிட முடிகிறது.

தாளிலிருந்து திரைக்கு

பதினாறு அங்குல அளவு என்பது 1:3960. தாளில் ஒரு மில்லிமீட்டர் நிலத்தில் ஏறத்தாழ நான்கு மீட்டர். பழைய தாள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் மடிப்பாலும் நூற்றுக்கு ஒன்று சுருங்கியிருப்பின், ஒரு கிலோமீட்டர் தொலைவில் பத்து மீட்டர் பிழை நேரும். இரண்டு ஏக்கர் சதுரப் புலத்தின் பக்கம் சுமார் 90 மீட்டர் என்பதை நினைத்தால் இப்பிழையின் தன்மை விளங்கும். சுருக்கம் இரு திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பது இன்னும் பெரிய இடர்.

கிராம வரைபடத்தில் அகலாங்கும் நெட்டாங்கும் குறிக்கப்படவில்லை. ஆகவே படத்தை நிலத்தோடு பொருத்த மாறாத இடங்கள் வேண்டும். மூன்று ஊர்களின் எல்லைகள் கூடும் முச்சந்திக் கற்கள் இதற்குச் சிறந்தவை. அவை பெயர்க்கப்பட்ட ஊர்களில் குளக்கரையின் முனை, பழைய கோயில், பாதைகளின் சந்திப்பு ஆகியவை துணைசெய்யும். பாறைக் கிணறுகள் இடம்பெயராதவை என்பதால் அவற்றையும் இப்பணிக்குக் கொள்ளும் விருப்பம் எழுவது இயல்பு. அது தவிர்க்கத்தக்கது. கிணறே ஆய்வுப் பொருளாக இருக்கையில், எஞ்சியுள்ள கிணறுகளைக்கொண்டு படத்தைப் பொருத்திவிட்டு, பின்பு எத்தனை கிணறுகள் எஞ்சின என்று அப்படத்தையே கேட்பது சுழல்வாதம் ஆகும். பொருத்தியபின் சரிபார்க்கக் கிணற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை.

பொருத்தம் முடிந்தபின் புலப்பட நூலின் அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு புலத்தையும் திருத்தலாம். நூறு கண்ணி ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. ஒரு கண்ணி சுமார் 20.1 சென்டிமீட்டர், ஓர் இலட்சம் சதுரக் கண்ணி ஓர் ஏக்கர். எழுதிய எண் தாளோடு சுருங்குவதில்லை. வரைந்த கோட்டிலும் எழுதிய எண்ணை நம்புவதே முறை. திரையில் வரைந்த பலகோணத்தின் பரப்பு பதிவேட்டுப் பரப்போடு ஒத்துவராத புலங்களைத் தனியே குறித்துவைக்க வேண்டும். அவற்றைக் கமுக்கமாகச் சரிசெய்துவிடும் வழக்கம் பின்வரும் ஆய்வாளரை ஏமாற்றும்.

தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நடைபெற்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் புல எண்களைப் பெரும்பாலும் காத்து, அளவுகளை மெட்ரிக் முறைக்கு மாற்றிற்று. இன்று இணையவழிச் சேவையில் கிடைக்கும் புலப்படங்கள் நடப்பு உரிமையைக் காட்டும் நோக்கின. அந்நோக்கிற்கு அவை போதும். வரலாற்றாய்வாளர் தேடும் பழைய தாள்கள் அவற்றின் பின்னால் இல்லை. அவற்றை வேறிடங்களில் தேட வேண்டும். அவ்விடங்களும் சிதறியுள்ளன. நீலகிரி 1868இலும், கரூர் 1910இலும், கொள்ளேகால் 1956இலும் பழைய கோயம்புத்தூர் மாவட்டத்திலிருந்து நீங்கின. 1979இல் ஈரோட்டைத் தலைமையாகக் கொண்ட பெரியார் மாவட்டமும் 2009இல் திருப்பூர் மாவட்டமும் பிரிந்தன. ஊத்துக்குளி, சமத்தூர் போன்ற ஜமீன்களுக்கு உட்பட்டிருந்த ஊர்களின் நிலை வேறு. இரயத்துவாரி ஊர்களுக்கு அமைந்த ஆவணத் தொடர்ச்சியை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்கு முற்பட்ட காலத்திற்கு அவற்றில் எதிர்பார்க்க இயலாது. ஒரே வட்டத்தின் ஊர்களை ஒரே ஆண்டில் ஒப்பிடும் படம் இதனாலேயே வெற்றிடங்களோடுதான் அமையும். வெற்றிடத்தைப் பக்கத்து ஊரின் வண்ணத்தால் நிரப்பாதிருப்பது நேர்மை.

கீழ்பவானித் திட்டம் இவ்வெற்றிடங்களின் இழப்பை உணர்த்தும். 1955இல் நிறைவெய்திய பவானிசாகர் அணையின் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் சென்று 2,07,000 ஏக்கருக்கு நீர் தருகிறது. அதில் பாதி நெல்லுக்கும் பாதி புன்செய்ப் பயிருக்குமாக முறைமாறி நீர் விடப்படுகிறது. அக்கால்வாய் மேட்டுக்காடுகளை ஊடறுத்துச் சென்றபோது புலங்கள் துண்டுபட்டுப் புதிய உட்பிரிவுகள் தோன்றின. கால்வாய்க்கு முந்தைய தாளும் பிந்தைய தாளும் ஒருங்கே கிடைக்கும் ஊர்களில்தான் எத்தனை தோட்டங்கள் கால்வாய் நிலமாயின, எத்தனை கொறங்காடுகள் உழவுக்கு வந்தன என்ற வினாக்களைக் கேட்கவே முடியும்.

அடங்கலும் பத்திரமும்

எந்தப் புலத்தில் எந்தப் பயிர் என்பதை ஆண்டுதோறும் எழுதியது அடங்கல். சூலை முதல் நாளில் தொடங்கும் பசலி ஆண்டின்படி அது அமைந்தது. பசலியோடு 590 கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். புன்செய் என்ற சொல்லைப் பிளந்து உள்ளே பார்க்க இதைவிட நேரான சான்று இல்லை. ஆனால் அது நிலையாகக் காக்கப்படும் ஆவணமாகக் கருதப்படவில்லை. 1980இல் பரம்பரைக் கர்ணம் பதவி ஒழிக்கப்பட்டுக் கிராம நிருவாக அலுவலர் முறை வந்தது. அம்மாற்றத்திற்கு முற்பட்ட கணக்குகள் ஓர் ஊருக்குத் தொடர்ச்சியாகக் கிடைப்பின் அது அரும்பேறு. ஒன்றிரண்டு பசலிகள் மட்டும் கிடைத்தாலும், மழை பொய்த்த ஆண்டா நல்ல ஆண்டா என்று அறிந்து பயன்கொள்ளலாம்.

தமிழாய்வாளர் நேரடியாகப் பங்களிக்கத்தக்க சான்று பத்திரங்களே. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை ஆகிய ஆவணங்களில் சொத்து விவரமும் செக்குபந்தியும் எழுதப்படும். பதிவேடு விலக்கிய சொற்கள் அனைத்தும் அங்கே உயிரோடு உள்ளன. மேக்காடு, பள்ளக்காடு, கிணத்துத்தோட்டம் என்ற புலப்பெயர்கள், தோட்டத்துச் சாளை, மாமூல் வண்டித்தடம், இட்டேரி, வேலி ஆகியவை எல்லை சொல்லும்போது தாமாகவே வந்துவிடுகின்றன. கல்வெட்டின் நான்கெல்லைத் தொடர்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இவற்றின் நடை புதிதன்று. புல எண் வழியாக ஒவ்வொரு பத்திரத்தையும் வரைபடத்தின் பலகோணத்தோடு இணைக்கலாம். அவ்வாறு இணைக்கையில் மூலச்சொல், படத்தின் குறி, ஆய்வாளரின் விளக்கம் ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு பத்திகளில் இருத்தல் இன்றியமையாதது. பதிவேட்டின் ‘புன்செய்’ என்பதை அழித்து அவ்விடத்தில் ‘தோட்டம்’ என்று எழுதினால், அடுத்த ஆய்வாளருக்குச் சான்று எது, ஊகம் எது என்று தெரியாமற்போகும்.

கிணற்றுரிமை இவ்விணைப்பிற்கு ஒரு சோதனை. பாகப்பிரிவினைப் பத்திரங்களில் நிலம் துண்டாகும், கிணறு துண்டாவதில்லை. ‘கிணற்றில் சரிபாதி’, ‘நாலில் ஒரு பாகம்’ என உரிமை மட்டும் பிரியும். நீரிறைக்கும் முறைநாளும் அதனுடன் பிரியும். கிணற்றுக்குறி எந்தப் புலத்திற்குள் விழுகிறதோ அப்புலத்தையே தோட்டம் என்று கொண்டால், அதே நீரில் விளைந்த அண்டைப் புலங்கள் மீண்டும் வெறும் புன்செயாகிவிடும். ஆகவே ஒரு கிணற்றைப் பல புலங்களோடும், ஒரு புலத்தைப் பல கிணறுகளோடும் இணைக்கத்தக்க தனி அட்டவணை தேவை. அதன் ஒவ்வொரு வரியிலும் பங்கின் அளவும், அப்பங்கைச் சொல்லும் பத்திரத்தின் ஆண்டும் இடம்பெற வேண்டும்.